பரிசீலனை மேசையை விட்டுக்கொடுக்காதீர்கள்!

தோழர்களே,

வேட்புமனுத் தாக்கல் நெருங்கிவிட்டது. சுவர் விளம்பரமும் உண்டியல் வசூலும் தெருமுனைக் கூட்டமும் நடக்கட்டும். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு வேலை கிடக்கிறது. நம் வேட்பாளரின் மனுவைப் பரிசீலனை நாளில் யாரும் அநியாயமாகத் தள்ளிவிடாமல் காக்க வேண்டும். அதில் சறுக்கினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

"மறியல் கேஸ் இருக்கே, எப்படி நிற்பீங்க? எலக்‌ஷன் கமிஷன் தள்ளிடும்" என்று நம் தோழர்களையே பயமுறுத்துகிறார்கள். அதை நம்பி ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒதுங்காதீர்கள்! நிலுவையில் உள்ள வழக்கு தகுதியிழப்பு ஆகாது. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்திருந்தாலும் ஆகாது. புதிய தகுதியிழப்பை உண்டாக்க நாடாளுமன்றத்தால்தான் முடியும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வழக்கை மறைக்காமல் அறிவிக்க வேண்டும், விளம்பரப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். தண்டனைதான் கணக்கு. பொதுவாக இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலையான பின்னும் ஆறாண்டு நிற்க முடியாது. சில குற்றங்களுக்கு அபராதம் மட்டும் விதித்திருந்தாலும் தடை உண்டு. தண்டனை பெற்ற தோழர்கள் தீர்ப்பு நகலோடு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆணையம் சட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 324-ஆவது பிரிவு தரும் பரந்த அதிகாரம், சட்டம் பேசாத இடத்தில்தான் செல்லும். சட்டம் இருக்குமிடத்தில் ஆணையமும் அதற்குக் கட்டுப்பட்டதே. கேரளத்தின் பரவூர் தொகுதியில் 1982-ல் சட்டத்தில் இடமில்லாமல் வாக்குப்பதிவு இயந்திரத்தை நுழைத்ததை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தேர்தல் செலவுக் கணக்கைத் தராதவரை மூன்றாண்டுக்குத் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு நேரடி அதிகாரம் உண்டு. அதற்கும் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். (போன முறை நின்ற தோழர்கள் கணக்குக் கொடுத்த ஒப்புகைச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.) நடத்தை விதியை மீறினார் என்று சொல்லி ஒருவரை வேட்பாளர் பட்டியலிலிருந்தே தூக்கிவிட முடியாது.

சட்டம் நம் பக்கம் இருந்தும் ஏன் இந்தப் பதற்றம்? நாமக்கல் வழக்கைப் பாருங்கள். 1951 நவம்பர் 28 அன்று, சென்னை சட்டமன்றத்துக்கு நாமக்கல்லில் போட்டியிட முன்வந்த பொன்னுசாமியின் மனு தள்ளப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடாது, முடிந்த பின் தேர்தல் மனுவாகக் கொண்டுவரலாம். இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். மனுவை முறைகேடாகத் தள்ளியது பின்னால் நிரூபணமானால் வென்றவரின் வெற்றியே செல்லாது. ஆனால் அதற்குள் எத்தனை காலம் ஓடிவிடும்! நம் மக்கள் நமக்குப் போட நினைத்த ஓட்டு அன்றைக்கே போய்விடுகிறது. ஆகவே அதிகாரத்தின் எல்லையை அந்த மேசையிலேயே, அந்த மணியிலேயே நாம் எடுத்துக்காட்ட வேண்டும்.

தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால் நம் தரப்பில் நான்கு பேர் இருக்கலாம்: வேட்பாளர், அவருடைய முகவர், முன்மொழிந்தவர் ஒருவர், எழுத்தில் அதிகாரம் பெற்ற இன்னொருவர். அந்த நான்காமவர் வழக்கறிஞராக இருக்கட்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு அவர் கையில் இருக்கட்டும். முக்கியமற்ற குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று அது கட்டளையிடுகிறது. ஆட்சேபம் வந்தால் அவகாசம் கேளுங்கள். பரிசீலனைக்கு அடுத்த இரண்டாம் நாள் வரை தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. தள்ளினால் காரணத்தை எழுத்தில் பதிவது அலுவலரின் கடமை. அதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்!

நாமும் பிடி கொடுக்கக் கூடாது. படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூட வெற்றாக விடாதீர்கள். நிலம் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-லேயே தீர்ப்பு இருக்கிறது. வேறு தொகுதி வாக்காளர் என்றால் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். மாற்று வேட்பாளர் மனுவும் தயாராகட்டும்.

ஒவ்வொரு தொகுதிக் குழுவும் அந்த நான்கு பெயர்களையும் வழக்கறிஞரின் கைபேசி எண்ணையும் நாளை மாலைக்குள் மாவட்டக் குழுவிடம் ஒப்படையுங்கள். படிவங்களை இன்றிரவே நிரப்பத் தொடங்குங்கள், தோழர்களே!