மாட்டின் குளம்பைப் பார்க்கிறோம், நம் காலைப் பார்க்கிறோமா?

மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்போம், பல் பார்ப்போம், அடுத்து தோலைத் தடவிப் பார்ப்போம். தோல் மினுமினுவென்று இருந்தால் மாடு நல்லாத் தின்கிறது, வயிற்றில் புழு இல்லை என்று கணக்கு. குளம்பு வெடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்போம். இவ்வளவு விவரம் தெரிந்த நாம், அதே கணக்கை நம் உடம்புக்கு மட்டும் போடுவதில்லை. எந்த உழவர் கூட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைவிட, உள்ளே உட்கார்ந்திருக்கும் பாதங்களில்தான் வெடிப்பு அதிகம்.

ஆண்கள் தோலைப் பராமரிப்பது பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடம் இரண்டு விதமான பதில் வருகிறது. என் வயதுக்காரர்கள், "ஆம்பளைக்கு எதுக்குய்யா அலங்காரம்?" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளோ முகத்துக்கு ஒரு கிரீம், தாடிக்கு ஒரு எண்ணெய் என்று வாங்கி அடுக்குகிறார்கள். அந்தத் தாடி எண்ணெயில் ஒரு சின்னக் குப்பியின் விலை, ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெய் விலையைத் தொடப் பார்க்கிறது. ஒரு கூட்டம் உடம்பைக் கைவிட்டுவிட்டது. இன்னொரு கூட்டம் உடம்பைக் கம்பெனிக்காரன் கையில் கொடுத்துவிட்டது. இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி. உழவனுக்குத் தோல் பராமரிப்பு என்பது மோட்டாருக்கு கிரீஸ் வைப்பது போன்ற தொழில் வேலை. அதை அலங்காரக் கணக்கில் எழுதியதுதான் கோளாறு.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் கணக்கு வழியாகவே சொல்கிறேன். கிசான் கிரெடிட் கார்டு 1998-ல் வந்தது. அதில் பயிருக்கு உரிய கடன் அளவைக் கணக்கிட்டு, அதன் மேல் 10 சதவீதம் வீட்டுச் செலவுக்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும், 20 சதவீதம் பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கும் சேர்ப்பார்கள். மோட்டார், பம்பு, கருவிகள் எல்லாம் தேயும், பழுதாகும் என்று வங்கிக்குத் தெரியும். அந்தக் கருவிகளைப் பிடிக்கிற கையும் தேயும் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. வங்கியை விடுங்கள், நம் வீட்டு நோட்டில் இருக்கிறதா?

கை தேய்வது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. கிராமக் கிளையில் இருந்த கடைசி ஆண்டுகளில் இதைத் தினமும் பார்த்தேன். முதியோர் உதவித்தொகை எடுக்க வருவார்கள். கைரேகைக் கருவியில் கட்டை விரலை வைத்தால் பதியாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் பதியாமல், "நாளைக்கு வர்றேன் சார்" என்று திரும்பிப் போவார்கள். நாற்பது ஐம்பது வருடம் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை எங்கிருந்து விழும்? ரேஷன் கடையிலும் இதே கதைதான். தன் பணத்தை எடுக்க, தன் அரிசியை வாங்க, தோல்தான் சாவி என்று ஆக்கிவிட்டார்கள். சாவி தேய்ந்தவன் என்ன செய்வான்?

ஆனால் தோலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆழமான காயத் தழும்பு இல்லையென்றால், உராய்வு குறைந்து கொஞ்சம் எண்ணெய்ப் பசை கிடைத்தாலே ரேகை மறுபடி எழும்பும். வயதானவர்களுக்கு முழுதாகத் திரும்பாது. ஆனாலும் வறண்ட கையைவிடப் பதமான கை கருவியில் நன்றாகப் பதியும். உதவித்தொகை எடுக்கப் போவதற்கு முன் பத்து நாள், ராத்திரி படுக்கும்போது உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவச் சொல்லுங்கள். போகிற அன்று கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனால் போதும்.

அடுத்து கால். எங்கள் டெல்டாவில் நடவு, களை என்று சேற்றில் நிற்கிற மாதங்களில் சேற்றுப்புண் வராத கால் அபூர்வம். விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து, பிளந்து, எரியும். "சேத்துல இறங்குனா வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பிளவு ஒரு திறந்த மடை. எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் நுழைவது இந்த மாதிரி வெடிப்பு, சிராய்ப்பு வழியாகத்தான். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் "வயல் சேற்றில் வேலை பார்த்தேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் அவருக்கு வழி தெரியும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. காலில் உணர்வு குறைந்துபோவதால் முள் குத்தினதே தெரியாது. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வீட்டுப் பெண்கள் கையை நீட்டுகிறார்கள். ஆண்கள் பெரும்பாலும் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று வயலுக்கு நழுவிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். நடவுக்கு வரும் பெண்கள் பலர் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் மருதாணி வைத்துக்கொண்டு வருவார்கள். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். சேற்றுப்புண்ணுக்கும் நகச்சுற்றுக்கும் அது கைகண்ட மருந்து. மருதாணியின் சாயத்துக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை உண்டு. அதே சேற்றில் அதே நேரம் நிற்கிற ஆண் வைத்துக்கொள்வதில்லை. ஏன்? காலில் சிவப்பு இருந்தால் டீக்கடையில் கேலி செய்வார்கள். ஒரு கேலிக்குப் பயந்து மூன்று மாதம் எரிச்சலோடு நடக்கிறோம். இதுதான் வீரமா?

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இன்னொன்று தொடை இடுக்கில் வரும் படர்தாமரை. வேர்வையும் ஈரத் துணியும் சேர்ந்தால் அது வரும். யாரிடமும் காட்ட மாட்டோம். மருந்துக்கடையில் போய் மெல்லிய குரலில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்போம். அவர் கொடுப்பது பல நேரம் ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகப் படரும். தோலும் மெலிந்துபோகும். இந்தச் சிக்கல் நாடு முழுக்கப் பெருகியதால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. பயிருக்கு வந்த நோய் என்ன என்று தெரியாமல் உரக்கடைக்காரர் கொடுத்ததை அடிப்பதை நாம் எதிர்க்கிறோம். நம் தோலுக்கு மட்டும் அதே வேலையைச் செய்யலாமா?

தெளிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மகாராஷ்டிராவின் யவத்மாலில் 2017-ல் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் இருபதுக்கு மேல் இறந்துபோனது நமக்கு நினைவிருக்கும். பூச்சிக்கொல்லி மூக்கு வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் போகிறது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் போவதில்லை. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து அமெரிக்காவில் 1971-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்கைத் தோலைவிட விதைப்பைத் தோல் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சியது தெரியவந்தது. கைத்தெளிப்பானின் மூடி கசிந்தால் கரைசல் முதுகு வழியாக இறங்கி எங்கே போய்ச் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த லுங்கியோடேயே சாப்பிட உட்காருகிறோம்.

"நாமதான் விஷமே அடிக்கறதில்லையே" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. சரிதான். ஆனால் அக்னி அஸ்திரத்தில் என்ன போடுகிறோம்? பச்சை மிளகாய், பூண்டு, வேப்பிலை, புகையிலை. புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் ஈரத் தோல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகும். ஈரப் புகையிலை பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது உலகம் முழுக்க அறிந்த நோய். நம் பயிற்சி முகாம்களில் இந்தக் கரைசலை வெறுங்கையால் கலக்கிக் காட்டுவதைப் பெருமையாகச் செய்கிறார்கள். இயற்கையில் கிடைப்பதெல்லாம் தோலுக்கு ஆகும் என்பது நம் இயக்கத்துக்குள் ஊறிப்போன ஒரு மூடநம்பிக்கை. தேள் கொடுக்கும் இயற்கைதான்! ஐந்திலைக் கரைசலானாலும் அக்னி அஸ்திரமானாலும் கையுறை, முழுக்கைச் சட்டை, முடிந்ததும் குளியல். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. காலில் வெடிப்போடு சாணத்தில் நடக்கிறவர்கள் தனுர்வாதத் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்களின் கிரீமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கென்றே தனியாக ஒரு சிவப்பழகு கிரீமை 2005-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஷாருக்கானே விளம்பரத்தில் வந்தார். பெண்களுக்கான பழைய கிரீம் 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் ஆசை மாறவில்லை. இதில் மோசமானவை, எங்கே தயாரானது என்று விலாசமே இல்லாமல் வருகிற கிரீம்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் பூசிய அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருந்தது தெரியவந்தது. முகம் வெளுக்க சிறுநீரகத்தை விலை கொடுப்பதா?

அந்தப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "வெயில்ல நின்னா கறுத்துடுவான், பொண்ணு கிடைக்காது" என்று ஊரே சொல்கிறது. வயலில் இருக்கும் பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறவர்களில் உழவர்களும் இருக்கிறார்கள். கறுப்பு என்பது தோலின் தற்காப்பு. வெயிலின் கடுமையை மேலேயே தடுத்து நிறுத்தும் நிறமி அது, மண்ணுக்கு மூடாக்கு போல. மூடாக்கை எடுத்துவிட்டு மண்ணை வெளுக்க வைக்கிறவனை நாம் என்ன சொல்வோம்? வெயிலுக்கு நாம் செய்ய வேண்டியது வேறு: முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை முடிந்த அளவு நிழல்.

அப்படியானால் என்ன செய்யலாம்? செலவே இல்லாத நாலு வேலை சொல்கிறேன்.

தினமும் சாயங்காலம் கை கால் கழுவியதும் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்துவிட்டு, வெடிப்பில் எண்ணெய் தடவிப் படுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தண்ணீர்ச் சூட்டை முதலில் முழங்கையால் பார்க்கணும்; கல்லில் தேய்க்கக் கூடாது.

புதனும் சனியும் ஆண்களுக்கு எண்ணெய் முழுக்கு என்று வைத்திருந்தார்கள். இரண்டு முறை முடியாவிட்டால் ஒரு முறை. "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்ற பழமொழி சும்மா வரவில்லை. எள் நாம் விதைக்கிறோம், செக்கு பக்கத்து ஊரில் ஓடுகிறது. தேய்த்துக் குளிக்கச் சீயக்காயோ அரப்போ பயற்றமாவோ போதும். தோல் லேசான புளிப்புத் தன்மை கொண்டது, அதில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. துணி சோப்பைப் போட்டு உடம்பைத் தேய்ப்பது உயிருள்ள மண்ணில் சுண்ணாம்பைக் கொட்டுவதற்குச் சமம். ஒன்று மட்டும்: எண்ணெய் காய்ச்ச, வெந்நீர் வைக்க, முதுகு தேய்க்க என்று வீட்டுப் பெண்களை ஏவாதீர்கள். உங்கள் முழுக்குக்கு நீங்களே அடுப்புப் பற்ற வையுங்கள்.

சவரக் கடையில் புது பிளேடு போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கன்னத்தைக் காட்டுங்கள். மஞ்சள் காமாலை பி கிருமி ரத்தத்தின் வழியே பரவுவது; பழைய பிளேடு அதற்குப் போதும்.

நாலாவது, நிலம் வைத்திருக்கிற நமக்கான கடமை. மோட்டார் கொட்டகையில் ஒரு குப்பி எண்ணெய், ஒரு சோப்பு, இரண்டு ஜோடி கையுறை எப்போதும் இருக்கட்டும். வேலைக்கு வருகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம்மைவிட அதிக நேரம் சேற்றில் நிற்பது அவர்கள் கால்.

அடுத்த பயிற்சி முகாமில் மண்ணைப் பற்றி மூன்று மணி நேரம் பேசும்போது, பாதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கரைசல் கலக்கிக் காட்டுகிறவர் கையுறையோடு நின்று காட்டட்டும். நடவுக்கு முன்னால் மருதாணி அரைக்கும்போது ஆண்களும் காலை நீட்டுங்கள். டீக்கடையில் யாராவது சிரித்தால், அவர் காலை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.