டாக்டர் மேலேயே கேஸா?

"டாக்டர் மேலேயே கேஸா? நாளைக்கு ஒரு ஆபத்துன்னா யாருகிட்டப் போவீக?"

கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை இந்தக் கேள்வி கேட்காத டீக்கடை கிடையாது. பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டவர் பிடிபட்டால் வெடி போடாத குறையாகச் சந்தோஷப்படுகிற அதே பெரியவர்கள், அரசு மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் பணம் கேட்டுக் கைதானார் என்று பேப்பரில் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "பாவம், படிச்ச மனுசன்" என்கிறார்கள். எனக்கு இந்தப் பாவம் புரிவதே இல்லை. பட்டா பத்து நாள் தள்ளிப்போனால் பயிர்க்கடன் தள்ளிப்போகும். பிரசவ வலியில் கிடக்கிறவளுக்குப் பத்து நிமிஷம் தள்ளிப்போனால் என்ன ஆகும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்து அரசு மருத்துவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். 2020-இல் கொரோனா வந்து, சொந்தபந்தமே வாசலோடு நின்றபோது உள்ளே போய் நின்றவர்கள் அவர்கள்தான். க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்னால், கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றாலே மதுரை பெரியாஸ்பத்திரிதான். ஆண்டிபட்டி கணவாய் தாண்டுவதற்குள் உயிர் போன கதைகள் நம் வயதுக்காரர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்த நிலைமை மாறியிருக்கிறது. அதற்குக் காரணமான மருத்துவர்களை நான் கும்பிடுகிறேன். அவர்களுடைய பெயரையும் சேர்த்து நாறடிக்கிறவரைத்தான் கோர்ட்டில் நிறுத்தச் சொல்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள். வசதி உள்ளவன் தேனியிலோ மதுரையிலோ தனியாரிடம் போய்விடுகிறான். போக்கிடம் இல்லாதவனிடம் கேட்கப்படுகிற காசு இது. அதனால்தான் இதை வெறும் லஞ்சம் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. வழிப்பறி என்றுதான் வருகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தனியார் மருத்துவமனையில் தவறு நடந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தருகிற அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கொடுக்காதவன் நுகர்வோர் இல்லையாம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். மறைவாக இரண்டாயிரம் கொடுத்தவன் கதி என்ன? அதற்கு ரசீதா கொடுக்கிறார்கள்? ஆக, ஏழைக்கு மிச்சம் இருப்பது ஊழல் தடுப்புச் சட்டம் ஒன்றுதான். அதையும் "டாக்டர் மேலேயா" என்று கேட்டு மூடிவிட்டால் அவன் எங்கே போவான்?

"சாயங்காலம் கிளினிக்கில் ஃபீஸ் வாங்கினால் அதுவும் லஞ்சமா?" என்று கேட்கலாம். இல்லை. பஞ்சாபைச் சேர்ந்த கன்வர்ஜித் சிங் கக்கார் என்ற அரசு மருத்துவர் தலைக்கு நூறு ரூபாய் வாங்கித் தனியாக வைத்தியம் பார்த்தார் என்று வழக்குப் போட்டார்கள். அது தொழிலுக்கான கட்டணம், லஞ்சம் ஆகாது, வேண்டுமானால் துறை நடவடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. எனக்கு அதில் மறுப்பில்லை. நம் மாநிலத்தில் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாகப் பார்க்க அனுமதியே இருக்கிறது. ஆனால் "முதல்ல கிளினிக்குல வந்து என்னப் பாத்துட்டு, அப்புறமா ஜி.எச்.ல அட்மிட் ஆகு" என்பதும், வார்டில் படுத்திருக்கிறவளின் புருஷனைக் கூப்பிட்டு "மயக்க டாக்டருக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு" என்பதும் ஃபீஸ் இல்லை. சம்பளம் வாங்குகிற வேலைக்கு இன்னொரு முறை கூலி கேட்பது அது.

நான் பணியில் இருந்தபோது ஒரு பொறிவைப்பில் அரசு சாட்சியாக இருந்திருக்கிறேன். மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். லஞ்ச ஒழிப்புத் துறை வேறு துறையிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைக்கும். அப்படி வந்தது அந்த ஆணை. ஊரையோ மருத்துவமனையையோ எழுதப்போவதில்லை. புகார்தாரர் சுமை தூக்குகிறவர். மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று முறை தேதி கொடுத்து மூன்று முறையும் தள்ளிவைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் கொடுத்தால் வெள்ளிக்கிழமை நடக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நோட்டு எண்களை நான் வாசிக்க, ஒருவர் எழுதிக்கொண்டார். நோட்டில் பினாப்தலீன் பவுடரைத் தடவினார்கள். (இதே பினாப்தலீனை அந்தக் காலத்தில் பேதி மருந்தாகவும் கொடுப்பார்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது.) பணத்தை வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் தண்ணீர் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறியது. நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

அதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? வழக்குத் தொடர அனுமதி வருவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான் சாட்சிக் கூண்டில் ஏறியபோது நாலு வருடம் ஓடிவிட்டது. நான் பார்த்ததைச் சொன்னேன். புகார்தாரரோ, டாக்டர் பணமே கேட்கவில்லை, தானாகத்தான் மேசையில் வைத்தேன் என்று சொல்லிவிட்டார். பிறழ் சாட்சி. வராந்தாவில் அவரைப் பிடித்து, "ஏப்பா இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அய்யா, எம் மக மாசமா இருக்கா. பிரசவத்துக்கு அங்கதான போகணும்? நீங்க கூட வருவீகளா?" என்றார்.

வழக்கு விடுதலையில் முடிந்தது. மருத்துவருக்குச் சம்பள பாக்கி கிடைத்தது. பிறகு பதவி உயர்வும் கிடைத்தது.

அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கும் கோபமில்லை, இன்றைக்கும் இல்லை. அவரைத் தனியாகக் கூண்டில் விட்ட ஏற்பாட்டின் மேல்தான் கோபம். இப்போது சட்டம் கொஞ்சம் தேறியிருக்கிறது. லஞ்சம் வாங்கியதற்குக் குறைந்தபட்சம் ஆறு மாதம் என்று இருந்த தண்டனை, இப்போது மூன்று வருடத்தில் தொடங்கி ஏழு வருடம் வரை போகிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு அனுமதி விஷயத்தை மூன்று மாதத்தில், மிஞ்சினால் இன்னும் ஒரு மாதத்தில் முடிவு செய்ய வேண்டும். விசாரணையை இரண்டு வருடத்தில் முடிக்க முயல வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்ந்தாலோ வழக்கு தானாகச் செத்துப்போகாது, பணம் கேட்டதையும் வாங்கியதையும் மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்தே நிரூபிக்கலாம் என்று நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பர் 15-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டெல்லியில் மின் மீட்டருக்குப் பணம் கேட்டதாக வந்த வழக்கு அது. புகார் கொடுத்தவர் சாட்சி சொல்லுமுன்பே இறந்துவிட்டார். ஆனால் அடுத்த மார்ச்சில் அதே நீரஜ் தத்தா, பணம் கேட்டது நிரூபணமாகவில்லை என்று விடுதலையும் ஆனார். கோட்பாடு வென்றது, வழக்கு தோற்றது. ஆகவே நோட்டில் பவுடர் தடவினால் மட்டும் போதாது. பணம் கேட்ட பேச்சைப் பதிவு செய்ய வேண்டும், மூன்று முறை தள்ளிப்போன ஆபரேஷன் தேதிகளின் பதிவேட்டை அன்றைக்கே கைப்பற்ற வேண்டும். என் வழக்கில் அந்தப் பதிவேட்டை யாரும் தொடவே இல்லை.

"கொடுக்கிறவனும் குற்றவாளிதானே?" என்று சில படித்தவர்கள் மடக்குகிறார்கள். 2018 திருத்தத்தைப் பாதி படித்தவர்கள் அவர்கள். வேறு வழியில்லாமல் கொடுத்தவன் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவன் மேல் குற்றமில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பொறிக்காகக் கொடுப்பவன் மேலும் இல்லை. இந்த ஏழு நாள் கணக்கைத் தேனி மாவட்டத்தில் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? "லஞ்சம் கொடுக்க வேண்டாம்" என்ற போர்டு இருக்கிறது, பாதி நேரம் பீரோவுக்குப் பின்னால்.

"டிரான்ஸ்பர் போட்டால் போதாதா?" போதாது. கம்பத்தில் வாங்கினவரை வேறு ஜில்லாவுக்கு அனுப்பினால் அந்த ஜில்லாக்காரன் என்ன பாவம் செய்தான்? அதுபோலவே, வார்டு பாயைப் பிடித்துவிட்டுக் கணக்கை முடிப்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் என்று கை நீட்டுகிறவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் மேலே இருப்பவருக்காக வாங்கினானா என்று கேட்காமல் கோப்பை மூடுவது விசாரணை ஆகாது.

பக்கத்து மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பர் 1-ஆம் தேதி, அமலாக்கத் துறை அதிகாரி அங்கித் திவாரி இருபது லட்சம் லஞ்சம் வாங்கியதாகத் திண்டுக்கல்லில் கைதானார். புகார் கொடுத்தவர் யார்? ஓர் அரசு மருத்துவர். தன்னிடம் பணம் கேட்கப்பட்டதற்காக அவர் கடைசியில் போனது லஞ்ச ஒழிப்புத் துறைக்குத்தான். வழக்கு எப்படி முடியுமோ, அது நீதிமன்றத்தின் வேலை. மத்திய அரசு அதிகாரிக்கு எதிராக ஒரு மருத்துவர் தட்டிய அதே கதவை, மருத்துவருக்கு எதிராக ஏலத் தோட்டக் கூலிக்காரி தட்டினால் மட்டும் நமக்கு ஏன் உறுத்துகிறது?

1996-இல் 'இந்தியன்' வந்தபோது, லஞ்சம் கேட்ட டாக்டரைத் தாத்தா குத்துகிற காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. எனக்குக் கத்தி வேண்டாம், விசிலும் வேண்டாம். புகார் கொடுத்த நோயாளியின் சிகிச்சையை அன்றைக்கே வேறு மருத்துவமனைக்கு, அரசுச் செலவில், எழுத்துமூலமான உத்தரவோடு மாற்ற வேண்டும். அவள் வீட்டில் அடுத்த பிரசவம் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும். சாட்சி சொல்ல வருகிற நாளுக்குக் கூலியும் பஸ் காசும் தர வேண்டும். வழக்கு முடிகிறவரை அந்த மருத்துவர் அதே மருத்துவமனைக்குள் கால் வைக்கக் கூடாது. இவ்வளவையும் நான்கு பக்கத்தில் எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்போகிறேன். வருகிற திங்கட்கிழமை, காலை பத்து மணி. கையெழுத்துப் போட நினைப்பவர்கள் ஞாயிறு சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.