கடித்தது நாய், பொறுப்பாளி யார்?

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்ட் மாதம் ஜாஃபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து மனிதர் ஒருவர் உயிரிழந்தார். இவை தெருநாய்கள் அல்ல. விலை கொடுத்து வாங்கி, உணவளித்து வளர்த்த மனிதர்கள் இவற்றுக்கு இருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "இந்த இனத்தையே தடை செய்யுங்கள்" என்பது ஒன்று. "வாயில்லாப் பிராணியைக் குற்றம் சொல்லாதீர்கள்" என்பது மற்றொன்று. இரண்டுமே நாயைப் பற்றி மட்டும் பேசுகின்றன. சங்கிலியைக் கையில் பிடித்திருக்க வேண்டிய மனிதர் அந்தச் சத்தத்தில் மெல்ல நழுவி விடுகிறார்.

தடை என்னும் வழியை அரசு முயன்று பார்த்தது. 2024 மார்ச் மாதம் 23 வகை நாய்களின் இறக்குமதியையும் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் நிறுத்தும்படி மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்புடையோரைக் கலந்தாலோசிக்காமல் வெளியிடப்பட்டது என்று கூறி, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது நிலைத்திருந்தாலும், கலப்பின நாயை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தடைக்கு அஞ்சி ஒருவர் தம் நாயை இரவோடு இரவாகத் தெருவில் விட்டுச் சென்றால் யாருக்குப் பாதுகாப்பு?

தண்டனைச் சட்டம் என்ன செய்கிறது? விலங்கை வைத்திருப்பவர் அதனால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓர் உயர்ரக நாய்க்குட்டியின் விலைக்குக்கூட ஈடாகாத தொகை இது! நடைமுறையிலோ, ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போதுதான் இந்தப் பிரிவு காவல்துறையின் நினைவுக்கு வருகிறது.

உரிமத்தின் கதையும் இதுவே. சென்னையில் வளர்ப்பு நாய்க்கான ஆண்டு உரிமக் கட்டணம் 50 ரூபாயாக இருந்தும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. உரிமம் பெறாதவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இன் பிற்பகுதியில் மாநகராட்சி அறிவித்த பிறகே மக்கள் விழித்தார்கள். அந்த நடவடிக்கை பாராட்டுக்குரியது. ஆயினும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்று மட்டும் போதுமா? அந்த நாயை அடக்கும் வலிமை வளர்ப்பவருக்கு உண்டா, அவர் வீட்டுக்குச் சுற்றுச்சுவரும் தாழிடும் கதவும் உண்டா என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் மிகத் தெளிவானது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக அறிவித்த நபி (ஸல்) அவர்களே, வேட்டைக்கும் மந்தைக்கும் விவசாயத்துக்கும் அன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்றும் எச்சரித்தார்கள். கருணையும் கட்டுப்பாடும் ஒருசேரப் போதிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருடைய ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் மேய்ந்த வழக்கில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகியோர் தீர்ப்பளித்ததைத் திருக்குர்ஆனின் 21ஆம் அத்தியாயம் கூறுகிறது. அழிந்த பயிருக்கே ஆட்டின் உரிமையாளர் பொறுப்பாளி என்றால், சிதைந்த குழந்தையின் முகத்துக்கு யார் பொறுப்பு?

விலங்கு விளைவிக்கும் காயத்துக்கு இழப்பீடு இல்லை என்னும் பொருளில் ஒரு ஹதீஸ் உண்டே என்று சிலர் வாதிடலாம். உரிமையாளரின் அலட்சியம் இல்லாதபோதே அது பொருந்தும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். கடிக்கும் என்று தெரிந்தே நாயை அவிழ்த்து விட்டவர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. வலிமை மிக்க நாய்களை வெளியே அழைத்து வரும்போது சங்கிலியும் வாய்க்கவசமும் கட்டாயமாக வேண்டும். பிடித்திருப்பவர் வயது வந்தவராக இருக்க வேண்டும். ஒரு நாயைப் பற்றி முதல் புகார் வந்த உடனேயே அதிகாரிகள் அந்த வீட்டை ஆய்வு செய்ய வேண்டும். சிகிச்சைச் செலவு முழுவதையும், வழக்கு முடியும்வரை காத்திராமல், உரிமையாளரே ஏற்க வேண்டும். நாய் இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவை ஏட்டிலிருந்து வீதிக்கு இறங்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் சில சொற்கள். "நாம் நாய் வளர்ப்பதில்லை, நமக்கென்ன" என்று ஒதுங்குவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். தெருவில் விளையாடுவது நம் பிள்ளைகளும்தாம். நாய் அசுத்தம் என்ற காரணம் காட்டி அதைக் கல்லால் அடிப்பதும் விஷம் வைப்பதும் மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் முரணான கொடுமை. அந்தக் கல்லடிக்குப் பிறகு வெறிகொண்ட நாய் அடுத்து வரும் குழந்தையைத்தான் கடிக்கும். வசதி படைத்தவர் சில ஆயிரம் ரூபாயை நீட்ட, ஏழைக் குடும்பம் வாய்மூடிப் புகாரைத் திரும்பப் பெறும் சமரசத்துக்கு நம் ஜமாஅத் பெரியவர்கள் ஒருபோதும் துணைபோகக் கூடாது. பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுங்கள். மாமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.

கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் மருந்தாகா.

நாய் மறுமையில் விசாரிக்கப்படும் பொறுப்புடையதன்று. நம்மில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். தம் பொறுப்பில் உள்ளவை பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார். அந்த விசாரணைக்கு முன்னரே, இவ்வுலகின் மாநகராட்சியும் காவல்துறையும் நீதிமன்றமும் உரிமையாளரிடம் அதே கேள்வியைக் கேட்கட்டும்.