மொட்டைக் கடுதாசி

கூட உட்கார்ந்து டீ குடிப்பான். ‘தோழர்’ என்பான். உள்ளே போய் மேனேஜரிடம் போட்டுக்கொடுப்பான்: “கோட்டாவுல வந்தது சார், அப்படித்தான் இருக்கும்.” மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசியும் போகும். இதை ஆபீஸ் பாலிடிக்ஸ் என்று சிரிக்கிறவர்களே, கேஷில் நூறு ரூபா குறைந்தால் அவனுக்குக் கைத்தவறு, நமக்கு மட்டும் பிறவிக்குணமா?

சங்கத்தில் சொன்னால் “ஒற்றுமை கெட்டுரும் தோழர்” என்கிறார்கள். யாரு ஒற்றுமை?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) ஊர்த்தெருவுக்கு மட்டுமானதில்லை. தலித் அல்லாத ஒருவன் அரசு ஊழியரிடம் பொய்த்தகவல் கொடுத்து, அவர் அதிகாரத்தால் தலித்துக்குத் தொல்லை வரவைத்தால் அதுவும் அதில் குற்றம். ரகசியக் குறிப்பேடும் முன்போல ரகசியமில்லை. அரசுப் பணியில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. வாயால் கேட்காதே தோழா. எழுதிக் கொடு, நகலில் சீல் வாங்கு.