களைக்காத இயந்திரம், களைக்கும் முழங்கை

கைப்பேசியில் இடும் கட்டளைக்கேற்ப வேகமும் திசையும் மாற்றிப் பந்து வீசும் டென்னிஸ் இயந்திரங்கள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. 1920களில் பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்ட் தம் பயிற்சிக்கென உருவாக்கிய, கையால் சுழற்றும் கருவியின் வழிவந்தவை இவை. தருமபுரியில் துணையின்றித் தனியே பயிற்சி செய்ய இதனை வாங்க எண்ணும் நடுவயதினரை நாங்கள் தடுக்கவில்லை. எத்தனை பந்துகள் என்பதை மட்டும் இயந்திரத்திடம் விடலாகாது. எதிரே ஆடுபவர் களைப்பார், பந்தெடுக்கக் குனிவார். அவ்விடைவெளியில் நம் தசைநாண் இளைப்பாறும். இயந்திரத்திற்கு அந்தத் தேவையில்லை.

முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் ஓயாத அசைவால் நைவதே ‘டென்னிஸ் எல்போ’. (மட்டையைத் தொட்டிராத கொத்தனார்களுக்கும் வரும், எங்களிடம் வருவோரில் அவர்களே மிகுதி.) துணி பிழியும்போது அங்கு வலித்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டு மறுநாளே ஆட அனுப்புமாறு கேளாதீர்கள். வலி விரைவில் தணியும், ஆனால் பலருக்குத் திரும்பி வந்துவிடும்.