மூக்கில் வைரஸ் சொட்டு, கையில் நாலரை லட்சம்: இந்த ஆய்வு இந்தியாவுக்கு வந்தால் ‘சரி’ சொல்லப்போவது யார்?

காவிரியில் நீர்வரத்து கூடிவிட்டால் ஒகேனக்கல்லில் முதலில் வரும் அறிவிப்பு, ‘பரிசல் இயக்கத் தடை’. அருவியில் குளிக்கவும் தடை வந்துவிடும். பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் மசாஜ் செய்பவர், மீன் வறுத்து விற்பவர்... யாருக்கும் அன்று வருமானம் இல்லை.

அப்படி ஒரு நாளில் ஒருவர் வந்து, “மூக்கில் வைரஸ் சொட்டு விடுவோம். இரண்டு வாரம் தனி அறையில் இருக்கணும். நாலரை லட்சம் ரூபாய் தர்றோம்” என்று கேட்டால்?

இது கற்பனைதான். ஆனால் இப்படி ஓர் ஆய்வு லண்டனில் உண்மையிலேயே நடந்தது.

லண்டனில் நடந்தது என்ன?

2021 மார்ச்சில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையில் இந்த ஆய்வு தொடங்கியது. 30 வயதுக்கு உட்பட்ட, கொரோனா வராத, தடுப்பூசியும் போடாத 36 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸ் சொட்டு விடப்பட்டது. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 34 பேரில் 18 பேருக்குத் தொற்று வந்தது. யாருக்கும் தீவிர பாதிப்பு இல்லை. ஆனால் 13 பேருக்கு வாசனை தெரியாமல் போனது. அவர்களில் மூவருக்கு அது சரியாக 90 நாட்களுக்கும் மேல் ஆனது.

பங்கேற்றவர்களுக்குத் தலா சுமார் 4,500 பவுண்டு தரப்பட்டது. நம்ம ஊர்ப் பணத்தில், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய்.

எதற்காக இந்த ரிஸ்க்?

வழக்கமான ஆய்வில், நோயாளி மருத்துவமனைக்கு வரும்போதே தொற்று ஏற்பட்டுப் பல நாள் ஆகியிருக்கும். இங்கே வைரஸ் நுழைந்த நிமிடமே தெரியும். அதனால்தான், வைரஸ் சராசரியாக இரண்டு நாளுக்குள் வெளிப்படுகிறது, முதலில் தொண்டையிலும் பிறகு மூக்கிலும் தெரிகிறது, ஐந்தாம் நாள் வாக்கில் உச்சம் தொடுகிறது என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியவந்தது.

ஆட்களும் குறைவாகவே தேவை. கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனையில் பங்கேற்றவர்கள் சுமார் 25,800 பேர். ஆனால் இந்த ஆய்வை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. சேர்க்கப்படுவது இளம் வயதினர் மட்டுமே. முதியவர், சர்க்கரை நோயாளி உடம்பில் வைரஸ் என்ன செய்யும் என்று இதில் தெரியாது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

ஏற்கெனவே உண்டு. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் டைஃபாய்டு தடுப்பூசி, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இதே முறையில் சோதிக்கப்பட்டது. அங்குள்ள தன்னார்வலர்கள் டைஃபாய்டு கிருமியைக் குடித்தார்கள். 2017-இல் வெளியான முடிவு, அந்தத் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைக்க உதவியது. மருந்து நம்முடையது, ரிஸ்க் எடுத்தது அவர்கள்.

2023 ஜூலையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் உயிரி நெறிமுறைப் பிரிவு, இத்தகைய ஆய்வுகளை இந்தியாவில் எப்படி நடத்தலாம் என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது.

அப்புறம் சிக்கல் எங்கே?

பணத்தில். தமிழ்நாட்டில் 2024-25-இல் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தாலும் வருடத்துக்கு 31,900. நாலரை லட்சம் என்பது கிட்டத்தட்ட 14 வருட நூறு நாள் வேலைக் கூலி! லண்டன் இளைஞருக்கு அது இரண்டு வாரம் அடைந்து கிடந்ததற்கான ஈடு. வேலையில்லாத ஒரு தொழிலாளிக்கு அது மறுக்கவே முடியாத தொகை. மறுக்க முடியாதபோது சொல்லும் ‘சரி’, உண்மையான சம்மதம் ஆகுமா?

அதற்காகத் தொகையைக் குறைத்தால் பிரச்சினை தீருமா? அப்போதும் ஏழைதான் வருவார். அதே ரிஸ்க்குக்கு அவருக்குக் குறைவாகக் கொடுத்ததாகிவிடும்.

பழைய பாடமும் இருக்கிறது. 2009-10-இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தனர். தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் ஆந்திராவில் பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தது அம்பலமானது. நாடாளுமன்றக் குழு 2013-இல் கடுமையாகச் சாடியது.

என்ன கேட்க வேண்டும்?

இந்த ஆய்வு வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியாகாது. நம் ஊர்க் கிருமிக்கு, நம் ஊர் உடம்பு எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்று வெளிநாட்டு ஆய்வு முழுசாகச் சொல்லாது. ஆனால் சில கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வேண்டும். படிவம் அவருக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா? பாதியில் விலகினால் பணம் முழுசாகப் போய்விடுமா? ஆறு மாதம் கழித்து உடம்புக்கு ஏதாவது வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது?

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: பரிசல் ஓடும் நாளில், கையில் காசு இருக்கும்போது கேட்டாலும் அவர் ‘சரி’ என்பாரா?