அடவும் கல்வியே

“அரங்கேற்றம் எப்போது?” பரதம் பயிலும் பெண்ணிடம் எவரும் கேட்கும் முதற்கேள்வி இதுதான். என்னிடமும் இரண்டு ஆண்டுகள் கேட்டார்கள். மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, நகை, விருந்து ஆகியவை என் தந்தையின் வருவாய்க்கு எட்டாதவை என்று தெரிந்ததும் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். “கற்றதெல்லாம் வீண்” என்றார் அத்தை. நானும் அப்படியே எண்ணியிருந்தேன்.

அது தவறென்று உணர்ந்தது நம் கல்லூரித் தமிழ் வகுப்பில்தான். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையைப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என எண்ணி, எவ்விரல் மடங்கும், எவ்விரல் நிமிரும் என்று சொல்லிச் செல்கிறது அவ்வுரை. ‘பதாகை’ என்றதும் மேசைக்கடியில் என் நான்கு விரல்கள் ஒட்டி நிமிர்ந்தன; பெருவிரல் மடங்கிற்று. தோழியர் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பகுதி எனக்குக் கையிலேயே இருந்தது!

அடவு என்ன கற்பிக்கிறது? முதுகு வளையாமல், முழங்கால்களை இருபுறமும் விரித்து அரைமண்டியில் நிற்கும்போது தொடை நடுங்கும். தட்டுக்கழி கட்டையில் விழ, ‘தெய்யா தெய்’ என்ற சொல்லுக்குத் தட்டடவு தொடங்கும். இரண்டாங்காலத்தில் இருமடங்கு விரைவு. மூன்றாங்காலத்தில் நான்கு மடங்கு. முதற்காலம் எளிதென்று நினைப்போர் ஆடிப் பார்க்கட்டும். விரைவில் மறையும் பிழை மெதுவில் மறையாது. பதாகைக் கை ஒன்றே மேகமாகும், காடாகும், ஆறாகும். கண்ணும் அசைவுமே பொருளைப் பிரிக்கும். பொறுமையும் கவனமும் இவ்வாறு உடலில் பதிவது கல்வியன்றோ?

அரங்கேற்றமே வேண்டாம் என்பதன்று என் கருத்து. மாதவியும் ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியவளே. ஆனால், யாப்பு படிப்போர் எல்லாரும் கவிஞராவதில்லை. அதனால் யாப்பைப் பாடத்திலிருந்து நீக்கிவிட்டோமா? மேடை ஏறாதவர் கற்றது வீண் என்னும் எண்ணமே, வசதியற்றவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதமும் ஒரு பாடம். நம் நுண்கலை மன்றமோ கல்லூரி விழாவுக்குப் பத்து நாள் முன்னர்தான் கண் விழிக்கிறது. திரைப்பாடல் ஒன்றுக்கு ஆடிவிட்டு மீண்டும் உறங்குகிறது. வாரம் இரு மாலை அடவும் கைகளும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அழைத்தால் என்ன? ஒரு கூடமும் கட்டையும் கழியும் போதும், சலங்கையும் வேண்டா. மாணவர்களும் வரலாம். அடவுகளை முறைப்படுத்திய தஞ்சை நால்வர் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் ஆடவரே!

அவ்வகுப்பு தொடங்கும் நாளில், முதல் வரிசையில் நின்று தட்டடவிலிருந்தே மீண்டும் தொடங்க நான் ஆயத்தம். “அரங்கேற்றம் எப்போது?” என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

— மூன்றாமாண்டு மாணவி, இளங்கலைத் தமிழ் இலக்கியம்